ஆற்றில் எழும்பி நிற்கக் கூடாது

1

என் மகள் ஹிபாவின் கால் ஆற்றுக்குள் மாட்டிய நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. கதிரையில் உட்கார்ந்தால் எழும்புகிறேன், எழும்பினால் ஜன்னலடிக்குப் போகிறேன், அங்கே பார்ப்பதற்கு மழையைத் தவிர ஒன்றுமில்லை. "ஒரு இடத்துல இரிங்க, இல்லாட்டி வெளிய போங்க" என்கிறாள் மனைவி றிஹானா. வெளியே போனாலும் மழைதான். அதனால் எழுத உட்கார்ந்தேன். ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு, அதிலும் புத்தளத்துக் கரைத்தீவுக் களப்பில் என்னோடு குதித்து விளையாடியவர்களுக்கு, நடந்தது சட்டென்று விளங்கிவிடும். இங்குள்ளவர்களுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவே நாலு நாள் எடுத்தது.

போர் முடிந்து மூன்றாம் வருஷம் நாங்கள் புத்தளத்தை விட்டு வெளிக்கிட்டோம். ஹிபாவுக்கு அப்போது நாலு வயது. இந்த மாதத்தோடு பதினொரு வருஷம். வேல்ஸ் நாட்டின் வடக்கில், மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊர். ஆட்களை விடச் செம்மறி ஆடுகள் அதிகம். நான் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். றிஹானா பள்ளிக்கூடச் சமையலறையில். வந்த முதல் வருஷம், திரும்பிப் போகும்போது தேவைப்படும் என்று பெட்டிகளை உடைக்காமல் வைத்திருந்தோம். இப்போது அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஹிபாவைப் பற்றி என் தம்பி றிஸ்வியிடம் நான் தொலைபேசியில் முறையிடாத கிழமை கிடையாது. அவன் கரைத்தீவில்தான் இன்னும் இருக்கிறான். தமிழில் கூப்பிட்டால் இங்கிலிஷில் பதில் சொல்கிறாள், சொன்ன சொல் கேட்பதில்லை, என் சொல் அவள் காதில் ஏறுவதே இல்லை என்பேன். "அங்கால வளர்ற புள்ளைகள் அப்பிடித்தான் நானா" என்பான் அவன். அவனுடைய பிள்ளைகளும் அங்கே இருந்துகொண்டே அப்படித்தான் என்பது வேறு கதை.

2

கனூ கிளப்பில் ஹிபாவை நான் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி அவளே போய்ச் சேர்ந்துகொண்டாள். எனக்கு வந்து சேர்ந்தது படிவம் மட்டும். இந்த நாட்டில் பிள்ளை எதைத் தொடங்கினாலும் தகப்பனுக்கு அது படிவமாகத்தான் தெரியவரும். உடுப்போடு நீந்துவாளா, இழுப்பு வருத்தம் உண்டா, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, பெற்றோருக்குத் தண்ணீரில் பழக்கம் உண்டா. கடைசிக் கேள்விக்குத் துணிந்து 'நிறைய' என்று எழுதினேன். கரையில் நின்று உதவ விருப்பமா என்றும் கேட்டிருந்தது. அதிலும் சரி போட்டேன். மகளைத் தனியே விட மனமில்லை என்பதற்கு அந்தப் படிவத்தில் வேறு கட்டம் இருக்கவில்லை.

அவர்கள் ஓட்டுவது எங்கள் ஊர்த் தோணி போல அல்ல. கயாக் என்ற ஒற்றை ஆள் ஓடம். இடுப்பு மட்டும் கொள்ளும் ஒரு ஓட்டைக்குள் இறங்கி உட்கார்ந்து, தண்ணீர் உள்ளே வராமல் ஓட்டையைச் சுற்றி ரப்பர் பாவாடை ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். கவிழ்ந்தால் ஆள் தலைகீழாகத் தொங்குவார். அப்படித் தொங்கிக்கொண்டே துடுப்பாலும் இடுப்பாலும் ஒரு வெட்டு வெட்டித் திரும்ப நிமிர வேண்டும். இதைக் குளிர்காலம் முழுவதும் நகரத்து நீச்சல் தடாகத்தில் பழக்கினார்கள். மற்றப் பெற்றோர் கண்ணாடிக்குப் பின்னால் புத்தகம் வாசித்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் அவள் தலை உள்ளே போகும்போது எழும்பி, வெளியே வரும்போது உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு வரிசைக்கு மாறிப் போனாள்.

உடுப்பைப் பற்றி றிஹானாவுக்கு இருந்த கவலை முதல் நாளே தீர்ந்தது. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் இறுக்கி மூடிய ஒரு முழு உடுப்பு, அதற்கு மேல் மிதவைச் சட்டை, தலையில் இறுக்கமான துணியும் தலைக்கவசமும். "ஊருல எந்தத் தையல்காரரும் இவ்வளவு மூடித் தச்சுத் தரமாட்டார்" என்றாள். எனக்குத்தான் கவலை தீரவில்லை. றிஸ்விக்குப் படம் அனுப்பினேன். அவன் சுற்றுலாப் பருவத்தில் கற்பிட்டியில் வெளிநாட்டுக்காரர்களை டொல்பின் காட்ட வள்ளத்தில் கூட்டிப் போகிறவன். "தேடிப் போய்த் தண்ணியில விழுற வெள்ளைக்காரரை நாங்க ஒவ்வொரு நாளும் காணுறம். எங்கட வீட்டுல ஒண்டு இருக்கிறது இப்பதான் தெரியும்" என்று சொல்லி நன்றாகச் சிரித்தான்.

3

கிளப்பை நடத்துபவர் மெகன் என்ற அம்மையார். தபால் கொண்டுபோகும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குள்ளமான உருவம், கரகரத்த குரல். ஆற்றுக்கு இறங்கும் பருவம் தொடங்குவதற்கு முன் பெற்றோரையும் கூப்பிட்டு வைத்து ஒரு மணி நேரம் கதைத்தார். அதில் ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்னார். ஓடத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் மல்லாந்து படுக்க வேண்டும். கால்கள் ஆறு போகும் பக்கம், விரல்கள் தண்ணீருக்கு மேலே. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும் இடத்தில் எழும்பி நிற்கவே கூடாது. கல்லிடுக்கில் பாதம் போய்விட்டால் பின்னால் வரும் தண்ணீர் ஆளை முன்னுக்கு மடக்கி முகத்தை அமுக்கிவிடும். இடுப்பளவு தண்ணீரிலும் நல்ல நீச்சல்காரர் இறந்துபோவது அப்படித்தான்.

கேட்டேன். தலையாட்டினேன். கேட்டதாகக் கையெழுத்தும் போட்டேன்.

ஆனால் நான் வளர்ந்த தண்ணீர் வேறு. களப்பு என்பது கடல் உள்ளே வந்து கிடக்கும் ஏரி, பாதி இடத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீர் இல்லை. வள்ளம் கவிழ்ந்தால் யாரும் நீந்துவதில்லை, நிற்பார்கள். சின்னப் பிள்ளை ஒன்று தவறி விழுந்து கையைக் காலை அடித்தால், வலையிலிருந்து மீன் கழற்றுகிறவர்கள் தலையைத் தூக்காமலே "எழும்பி நில்லு" என்பார்கள். பிள்ளை எழும்பி நிற்கும். தண்ணீர் வயிறு மட்டும் இருக்கும். எல்லாரும் சிரிப்போம், அந்தப் பிள்ளையும் சிரிக்கும். நாள் முழுக்கக் களப்பில் கிடந்தும் எங்களில் பாதிப் பேருக்கு ஒழுங்காக நீந்தத் தெரியாது. தேவைப்படவில்லை.

அதற்கும் முந்தின ஒன்று உண்டு. ஹிபாவுக்கு நான் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. வள்ளத்தில் ஆளோடு ஆள் நெருங்கிக் கற்பிட்டிப் பக்கம் வந்தோம். விடிந்து கரை தெரிந்தது, ஆனால் வள்ளம் அதற்கு மேல் போக மாட்டேன் என்றது. பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள். நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்த கையை விடவில்லை. எவ்வளவு ஆழம் என்று தெரியாத தண்ணீர், பின்னால் எங்கள் வீடு போய்விட்ட திசை. வாப்பா கீழே நின்றுகொண்டு, "கால ஊண்டு மகன். எழும்பி நில்லு, தரை இருக்கு" என்றார். ஊன்றினேன். நெஞ்சளவு தண்ணீர், காலுக்குக் கீழே சேறு. அத்தோடு என் அழுகை நின்றது. அந்தச் சேற்றின் குளிர் இன்றைக்கும் என் பாதத்தில் இருக்கிறது, மெகனின் ஒரு மணி நேரக் கதையால் அதைக் கழுவ முடியவில்லை.

4

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குக் கிட்ட. மலையில் பனி உருகி ஆறு பருத்திருந்தது. ஹிபாவோடு ஐந்து பேர், முன்னால் மெகன். கரையில் நானும், தண்ணீரில் விழுந்தவருக்கு எறியும் கயிற்றுப் பையோடு ஆலன் என்ற ஒருவரும் நின்றோம். எதிர்க்கரையிலும் ஒருவர் நின்றார். இது அவளுக்கு வெறும் ஞாயிற்றுக்கிழமை அல்ல. கோடையில் கிளப் ஆல்ப்ஸ் மலை ஆறுகளுக்குப் போகிறது. யாரைக் கூட்டிப் போவது என்று மெகன் அன்றைக்குத்தான் பார்த்து முடிவெடுப்பார். ஹிபா ஒரு வருஷமாக வேறு கதை கதைக்கவில்லை. சாப்பிடும்போதும் இடுப்பை வெட்டிப் பழகினாள்.

மூன்றாவது பாறையில் அவளுடைய ஓடம் கவிழ்ந்தது. ஒரு முறை நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. மறுமுறையும் முடியவில்லை. பிறகு ரப்பர் பாவாடையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் சொல்லிக் கொடுத்தபடியே மல்லாந்து படுத்தாள். கால் முன்னுக்கு, விரல் மேலே. எல்லாம் சரியாகச் செய்தாள். இதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், பிறகு யார் கேட்டாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

அவள் எனக்கு நேரே வந்தபோது ஒரு அலை அவள் முகத்தை மூடிவிட்டுப் போனது. வாயைத் திறந்து மூச்செடுத்தாள். மெகனின் விசில், ஆலனின் சத்தம், தண்ணீரின் இரைச்சல், எல்லாம் ஒன்றாகக் கேட்டது. தண்ணீர் இடுப்பளவுதான் என்று எனக்குத் தெரிந்தது. களப்பில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரின் நிறத்திலேயே அது தெரியும். நான் என் முழுத் தொண்டையாலும் கத்தினேன்.

"ஹிபா, எழும்பி நில்லு! கால ஊண்டு மகள், எழும்பி நில்லு!"

அவள் முகம் என் பக்கம் திரும்பியது. உடம்பைப் புரட்டினாள். காலைக் கீழே விட்டாள். எழும்பி நின்றாள்.

ஒரு கணம் இடுப்பளவு தண்ணீரில் நேராக நின்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து பொய்யாகிவிடும். "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அந்தச் சொல் வாயில் இருக்கும்போதே அவள் முன்னுக்கு மடிந்தாள். முகம் உள்ளே போனது. கைகள் தண்ணீரை அடித்தன, ஆனால் ஆள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பக்கத்துப் பாறையின் பின்னால் தண்ணீர் அடங்கிக் கிடந்த இடத்தில் மெகன் இருந்தார். ஓடத்தை விட்டு எப்படி வெளியே வந்தார் என்று தெரியவில்லை, பாறையில் படுத்து ஹிபாவின் மிதவைச் சட்டையின் தோள் பட்டியைப் பிடித்து முகத்தை மேலே இழுத்து வைத்துக்கொண்டார். ஆலன் எதிர்க்கரைக்குக் கயிற்றை எறிந்து, இந்தப் பக்கத்து நுனியை என் கையில் தந்து "இழுத்துப் பிடி" என்றார். கயிறு ஆற்றுக்குக் குறுக்கே விறைத்து நின்றது. ஹிபா அதில் நெஞ்சைச் சாய்த்தாள். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது. கடைசியில் ஒரு காலின் சப்பாத்தை ஆறு எடுத்துக்கொண்டு காலை விட்டது.

கரைக்குக் கொண்டுவந்து போர்வையால் மூடினார்கள். கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு ஓதினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மெகனைத்தான் பார்த்தாள்.

5

மெகன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கிளப்பின் வான் வண்டிக்குள் வைத்து, "ஏன் எழும்பி நின்றாய்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பயந்துவிட்டேன். மறந்துபோச்சு" என்றாள் ஹிபா, இங்கிலிஷில்.

"அப்படியானால் ஆல்ப்ஸ் இந்த வருஷம் வேண்டாம். அங்கே மறக்க இடமில்லை."

ஹிபா தலையாட்டினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் மடியில் அவளுடைய ஈரத் தலைக்கவசம் இருந்தது. ஆற்றங்கரையில் தமிழ் விளங்கிய ஆட்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் அந்த வானுக்குள் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அவள் ஏன் சொல்லாமல் இருந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் இருந்தது வெட்கத்தால். வேறு காரணம் கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து நாலு நாள் நான் படுத்த பாட்டை றிஹானாவிடம் கேளுங்கள். சலவைப் பகுதியில் மூன்றாம் நோயாளர் வாட்டுக்குப் போக வேண்டிய துணியை ஏழாம் வாட்டுக்கு அனுப்பினேன். றிஸ்விக்குத் தொலைபேசி எடுத்து முழுக் கதையையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "நீங்க சரியாத்தானே சொல்லி இருக்கீங்க நானா? விழுந்தவனுக்கு வேற என்னத்தச் சொல்ற?" என்றான். அவனைக் கோபித்தேன், ஒன்றும் தெரியாதவன் என்றேன். வைத்த பிறகு யோசித்தால், கரையில் நான் இல்லாமல் அவன் நின்றிருந்தாலும், கரைத்தீவின் எந்த ஆள் நின்றிருந்தாலும், அதே சொல்லைத்தான் கத்தியிருப்பார்கள். அந்த எண்ணம் எனக்கு ஆறுதல் தரவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் ஹிபா காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போனேன், திரும்பினேன், மறுபடியும் போனேன்.

"என்ன வாப்பா, நடக்கிறீங்க?"

"நீ மறந்தா எழும்பி நிண்ட?"

அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க சொன்னீங்க" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

"மெகன் ஒரு வருஷமாச் சொல்றாவே, நிக்கக் கூடாதெண்டு."

"தெரியும். ஆனா நீங்க சொன்னீங்களே."

எத்தனை வருஷமாக இந்தப் பிள்ளை என் சொல் கேட்பதில்லை என்று உலகம் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் மகள் அத மெகனிட்டச் சொல்லல்ல? ஒரு வருஷக் கனவை விட்டுட்டியே."

"சொன்னா உங்கள ஆத்தடிக்கு வர விட மாட்டாங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க அங்க நிக்கணும் வாப்பா. எனக்கு அது விருப்பம்" என்றாள்.

நான் கரைக்குப் போவது அவளுக்கு வெட்கம் என்று நினைத்திருந்தேன். அதற்காகவே எப்போதும் ஆலனுக்குப் பின்னால் ஒரு புதர் ஓரமாக நிற்பேன். சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

6

அடுத்த நாள் கிளப் கூடும் நாள். வேலையிலிருந்து நேரே நீச்சல் தடாகத்துக்குப் போனேன். மெகன் ஓடங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். வழியில் இங்கிலிஷில் அழகாக ஒரு பேச்சு தயார் பண்ணியிருந்தேன், அவரைக் கண்டதும் அது போய்விட்டது.

"அவள் மறக்கவில்லை. நான்தான் நிற்கச் சொன்னேன்" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். களப்பைச் சொன்னேன். அங்கே விழுந்தவர்களுக்கு என்ன சொல்வோம் என்று சொன்னேன். வாப்பாவைப் பற்றியும், கற்பிட்டியில் காலை ஊன்றியதையும் சொன்னேன். அதைச் சொல்ல நினைத்துப் போகவில்லை, வாயில் வந்துவிட்டது. முடிந்ததும் மெகன் அலுமாரியிலிருந்து சம்பவப் படிவத்தை எடுத்து வந்து காரணம் எழுதிய கட்டத்தைக் காட்டினார். 'பயம்' என்று ஒரே சொல் இருந்தது. பேனையை என்னிடம் தந்தார். அதை வெட்டிவிட்டு, தகப்பன் கரையிலிருந்து பிழையாகச் சொன்னார், பிள்ளை கேட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்டில் நான் நிரப்பிய படிவங்களில் அது ஒன்றுதான் யாரும் பிழை திருத்தாமல் எடுத்துக்கொண்டது.

"இனி நான் கரைக்கு வரவில்லை" என்றேன். வேண்டாம் என்று மறுப்பார் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது. "இப்போதைக்கு அதுதான் நல்லது" என்றார். ஹிபாவுக்குக் கால் சுகமானதும் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றார். ஓடம் இல்லாமல், வேண்டுமென்றே ஆற்றில் குதிக்க விடுவார். மல்லாந்தபடியே அந்தப் பாறைகளைக் கடந்து வர வேண்டும். காலை ஊன்றினால் ஆல்ப்ஸ் இல்லை.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாசிப்பவர்களும் என்னைப் போல நடக்க வேண்டாம். தேறிவிட்டாள். கோடையில் போகிறாள். அதற்கான படிவம் பதினாலு பக்கம், நேற்றுத்தான் நிரப்பினேன். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சோதனை நாளில் அவள் தண்ணீரில் இறங்குவதற்கு முன் நடந்தது.

வீட்டில் இருந்தால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தே செத்துப்போவேன் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை கேட்டு வாங்கியிருந்தேன். துணி காயப்போடும் இயந்திரங்கள் நாலும் ஓடிக்கொண்டிருந்தன. படுக்கை விரிப்பொன்றை மறுமுனையில் ஒருத்தி பிடிக்க மடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"வாப்பா, வேலையா?"

"ஓம் மகள். என்ன, ஏதும் ஆகிட்டா?"

"ஒண்டும் ஆகல்ல. இன்னும் இறங்கல்ல. பாறைக்கு மேல நிக்கிறன்." அவளுக்குப் பின்னால் ஆறு இரைந்தது. "வாப்பா, தண்ணியப் பாத்தா உங்கட சத்தம்தான் கேக்குது. எழும்பி நில்லு எண்டு. மெகன் சொன்னதெல்லாம் நினைவிருக்கு. ஆனா காலு கீழ போகப் பாக்குது."

என் கையிலிருந்த விரிப்பு தரையில் விழுந்தது. "பயமெண்டா விடு மகள். வீட்ட வா. ஆறு எங்கயும் போகாது."

"அதில்ல. நீங்க மத்தத சொல்லுங்க. கால தூக்கு எண்டு. உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்க."

சுற்றிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, "கால தூக்கு மகள்" என்றேன்.

"இப்பிடி இல்ல வாப்பா. அண்டைக்குக் கத்தின மாதிரி."

கத்தினேன். "ஹிபா, கால தூக்கு! ஊண்டாத மகள், தூக்கு!" விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் அப்படியே நின்றாள். மேற்பார்வையாளர் எழும்பிக் கதவைத் திறந்தார்.

"இன்னொருக்கா" என்றாள் ஹிபா.

இன்னொருக்காவும் கத்தினேன்.